சுவர் தாண்டாத செல்கள்

பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் ஓர் அரசு மருத்துவமனை. அங்கே நோயாளிகளின் மார்புத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கிக்குத் தயார்செய்வது எர்மிந்தாவின் வேலை. அவற்றுக்கு நான் சாயம் ஏற்றுவேன். இருபத்தாறு வருடம் கழித்து அவள் தன் திசுவையே வெட்டினாள். புற்றுச் செல்கள் பால்குழாய்க்குள்ளேயே இருந்தன, சுவரைத் தாண்டவில்லை. பூஜ்ஜிய நிலை என்று மருத்துவர் எழுதினார்.

அறுவைப் பட்டியல் போடும் ருஃபினோ சிரித்தான்; கூப்பிடுவது மட்டும் மரியாதையாக, 'தோன்யா', அம்மா என்று. "வெறும் பூஜ்ஜியந்தானே, தோன்யா எர்மிந்தா? ரெண்டு, மூணெல்லாம் காத்துக்கிட்டிருக்கு. கடைசில வாங்க."

"அது சுவரை உடைக்கிற வரைக்கும் நிக்கணுமாடா?"

பதினோரு மாதம் நிற்கவைத்தார்கள். மறுபடி எடுத்த திசுவையும் அவளே வெட்டினாள். சுவர் உடைந்திருந்தது.

புது அறிக்கையைப் பார்த்ததும் ருஃபினோ பேனாவைத் திறந்தான், பாவி.

"இதை முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே, தோன்யா!"