தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு சிவப்பு விளக்கு

அப்பாவின் முதலாம் ஆண்டுப் படையலுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் வீட்டு மாடியில்தான் இலை போடுகிறோம். படியேறும்போது தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு சிவப்பு விளக்கு கண்ணில் படும். விசேஷ வீடா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த விளக்கைப் பற்றிச் சொன்னால் அப்பாவைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்பதால், மகளாகிய நான் அதையே எழுதுகிறேன்.

ஆம்பூர் பக்கத்துச் சிற்றூரில் கூலி வேலை செய்தவர்களுக்கு மூத்த மகனாகப் பிறந்தார் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சில காலம் தோல் பதனிடும் டேனரியில் தோல் சுமந்தார். பிறகு வேலூருக்கு வெளியே இருந்த சிறிய விமான ஓடுதளத்தில் காவலாளி வேலை கிடைத்தது. எப்போதாவது ஒரு சின்ன விமானம் வரும். அதற்கு முன் ஓடுதளம் முழுக்க நடந்து ஆடு, மாடு, நாய்களை விரட்டிவிடுவது அப்பாவின் பொறுப்பு.

அந்த வேலையில் அவர் ஒரே ஒரு தப்பு செய்தார். தோல் வியாபாரியான பாய் ஒருவர் அப்பாவின் தோஸ்த். அவருடைய பச்சைத் தோல்கள் மழையில் நனைந்துவிட்டன. "ஒரு காலைக்குத்தான் அண்ணே. தார் நல்லா சூடா கீது, காஞ்சதும் எடுத்துட்றேன்" என்று, ஓடுதளத்தில் காயப்போடக் கேட்டார். அன்று விமானம் வரும் நாள் இல்லை என்பதால் அப்பா சரி என்றார். தோல் வாடைக்குப் பருந்துகள் கூட்டமாக இறங்கின. அந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விமானமும் வந்துவிட்டது. அது மேலே இரண்டு சுற்று சுற்றியது. அப்பாவும் பாயும் தோல்களை இழுத்துப் போட்டு, துண்டை வீசிப் பருந்துகளை விரட்டினார்கள். மூன்றாவது சுற்றில் பத்திரமாக இறங்கியது. ஆனால் அதற்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்டாலே அப்பாவுக்குச் சோறு இறங்காது.

பின்னால் விமானங்கள் நின்றுபோய், ஓடுதளத்தைப் பூட்டினார்கள். ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. மனைகள், கல்யாண மண்டபம், செல்போன் டவர் என்று வந்தன. அப்பா ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். ஆனாலும் தினமும் காலையில் போய் ஓடுதளத்தில் மேயும் மாடுகளை விரட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் சம்பாதித்து ஓடுதள முனைக்கு எதிரே மனை வாங்கி வீடு கட்டினேன். மேல்மாடி எழும்பியபோது அப்பா கலங்கிவிட்டார்.

"பிளேன் எறங்குற வழிம்மா இது. இன்னாம்மா இப்டி பண்ற?"

"பிளேன் எங்கப்பா வருது? மாடுதான் வருது."

 குடிவந்த மறுநாளே, விமானத்துக்குத் தெரியட்டும் என்று அப்பா தொட்டி மேல் சிவப்பு விளக்கை மாட்டினார். ஏழு வருடம், காய்ச்சலானாலும் மழையானாலும், சாயந்திரம் ஆறு மணிக்கு மாடியேறி ஸ்விட்சைப் போட்டார்.

கடைசி நாட்களில் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு சாயந்திரம் அப்பா கண் திறந்து, "வெளக்கு போட்டியாம்மா?" என்றார். "போட்டேம்பா" என்றேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

ஓடுதளத்தை மறுபடி திறக்கப் போகிறார்களாம். போன வாரம் அளவெடுப்பவர்கள் எங்கள் மொட்டைமாடிக்கும் வந்தார்கள். தொட்டியின் உயரத்தை எழுதிக்கொண்டார்கள். கேட்டதற்குக் கடிதம் வரும் என்றார்கள். தபால்காரர் தெருவில் நுழைந்தாலே அம்மா எழுந்து நிற்கிறார்கள். எனக்கும் வானத்தில் சத்தம் கேட்டால் சோறு இறங்குவதில்லை. அடுத்த ஆண்டு உங்களுக்கு இலை போட இந்த மாடி இருக்குமா என்று தெரியவில்லை.

அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆட்டோ பிடித்து அவரை மடியில் சாய்த்துக் கொண்டுபோன பாய்க்கும், கடைசிவரை உடன் நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா, அன்று நான் விளக்கைப் போடவில்லை. பொய் சொன்னேன். இன்று இலை போடுவதற்கு முன்பே போட்டுவிட்டேன். பட்டப்பகல்தான், இருந்தாலும் போட்டுவிட்டேன்.