முன்வரிசையில் கண்டாக்கு ஐயா

நடிப்பைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சிறுவர் திறமைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டதும், பொன்னாடை கிடைக்கும் என்றுதான் டிக்கோயாவுக்கு பஸ் ஏறினேன்.

மேடையில் ஒரு சிறுமி குடையைப் பலகையில் டக்கென்று தட்டி, “ஏய், கொழுந்த வுட்டுட்டு முத்தின எலையா பறிக்கிற?” என்று அதட்டினாள். தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவின் குரல் அப்படியே இருந்தது. ஐயாவோ முன்வரிசையில் இருந்தார்.

அந்தச் சத்தம் என்னை எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது. ஈரக் கம்பளி வாடையடித்த கூட்டத்துக்கு முன்னால், ஒன்பது வயதில் நானும் இதே வேஷம்தான் போட்டேன். எங்கள் கண்டாக்கு ஐயாவும் உட்கார்ந்திருந்ததால் யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் அவளைத் தனியாக உச்சி மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். சாயந்தரம் அட்டை கடித்த காலில் சவர்க்காரம் தேய்த்தபடி, “இன்னொருக்கா செஞ்சு காட்டுடா” என்றாள். நான்தான் பயந்துபோய்ப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டேன்.

“மார்க்கக் கொறைங்க சார், இவ அம்மாவுக்குத்தான் கரைச்சல்” என்று பக்கத்து நடுவர் கிசுகிசுத்தார். நான் நூற்றுக்கு நூறு போட்டேன். அவசரத்தில் ஒரு சைபர் கூடிவிட்டது.

இறங்கி வந்தவளிடம், “அடுத்த தடவ ஐயா இல்லாதப்ப செய் பாப்பா” என்றேன்.

“அவரு பாக்கணும்னுதான் செஞ்சேன்.”