ஆறு செல்லா, பத்து செல்லா

1950களில் நான் திருத்தணியில் ஒரு மைக் செட் கடையில் பேட்டரி மெக்கானிக். முதலாளி சரோஜம்மா, கணவர் இறந்தபிறகு கடையைத் தானே நடத்தியவர். ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் அறிவிப்பு மைக் எங்களுடையதுதான். ஒரு வருஷம் பட்டப்பகலில், கூட்டம் நெரியும்போது, பேட்டரி இறங்கி மைக் ஊமையாகிவிட்டது. "இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா வேலைய அரக்கோணத்துக்காரங்களுக்குக் குடுத்துடுவேன்" என்றார் திருவிழா மேற்பார்வையாளர்.

எங்களிடம் இருந்தவை லெட் ஆசிட் பேட்டரிகள். அடிக்கடி அடியோடு இறங்கவிட்டால் இரண்டு வருஷம்கூடத் தாங்காது. நிக்கல்-அயர்ன் பேட்டரி எந்த முரட்டு வேலைக்கும் தாங்கும் என்று கேள்விப்பட்டு, மெட்ராசில் சொல்லி வைத்தோம்.

1. சில்க் சட்டைக்காரர்

முதலில் வந்தவர் சில்க் சட்டை போட்டிருந்தார். பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்த ஆறு செல்களை மேஜையில் வைத்தார்.

"உங்க பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் ஓடும்மா. வெலையும் பாதிதான்."

"பன்னெண்டு வோல்ட்டுக்கு ஆறு போதுங்களா?" என்று கேட்டேன்.

"லெட்ல ஆறுதானே? இதுவும் அப்டித்தான்."

ஆசிட் அளக்கும் எங்கள் ஹைட்ரோமீட்டரை ஒரு செல்லில் விட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். பிறகு வோல்ட் மீட்டர் வைத்தேன். ஆறுக்கும் சேர்த்து எட்டு வோல்ட்.

"புதுசுப்பா. ஓட ஓட ஏறும்."

விலையைக் கேட்டதும் எனக்கு ஆசைதான். வாங்கிவிடலாம் என்று சரோஜம்மாவின் காதில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏறட்டும். ஏறினப்புறம் எடுத்துகினு வாங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

2. காக்கிச் சட்டைக்காரர்

பத்து நாள் கழித்து இன்னொருவர் வந்தார். பெயர் ஏகாம்பரம். காக்கிச் சட்டை, கையெல்லாம் பழைய புண் தழும்பு. மாட்டு வண்டியிலிருந்து பத்து செல்லை இறக்கினார். நான் வழக்கம்போல் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னாபா பண்ற? உள்ள இருக்கறது ஆசிட் இல்ல, காரம். ஒன் மீட்டர்ல ஒட்டினு இருக்கற ஆசிட் ஒரு சொட்டு போனாலும் செல்லு பாழாப்பூடும். இதுக்குன்னு தனி மீட்டர் வெச்சுக்கணும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சில்க் சட்டைக்காரர் ஏன் தடுக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சரோஜம்மா கேட்டார்: "இதுல இன்னான்னா கொறை இருக்குங்க?"

"ஆங், நெறைய இருக்கும்மா. ஒரு செல்லுக்கு ஒண்ணேகால் வோல்ட்டுக்கு மேல எதிர்பாக்காதீங்க, அதான் பத்து. பயங்கர கனம். சும்மா வெச்சாலும் சார்ஜ் இறங்கும். தண்ணி நெறைய குடிக்கும். ஊர் ஊரா தூக்கினு போற வேலைக்கு லெட்டே வெச்சுக்குங்க. மலைமேல ஒரே எடத்துல வெக்கறதுக்கு மட்டும் இத எடுங்க."

"வெலை?"

சொன்னார். லெட்டைவிட மூன்று மடங்கு. சரோஜம்மா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பத்து வருஷத்தில் லெட் பேட்டரி எத்தனை தடவை வாங்கியிருப்போம் என்று என்னைக் கேட்டார். அஞ்சு தடவை என்றேன்.

"நாளைக்குப் பகல் முழுக்க இங்கியே ஓட்டிக் காட்டுவீங்களா?"

"தாராளமா."

மறுநாள் அவரும் கடையிலேயே உட்கார்ந்தார். காலையில் போட்ட பாட்டு சாயங்காலம் வரை நிற்கவில்லை. எதிர் ஓட்டல்காரர்தான் காதைப் பொத்திக்கொண்டு வந்து கெஞ்சினார். ஏகாம்பரம் எழுந்து நிறுத்தினார். ஒரு செட் வாங்கினோம்.

அடுத்த கிருத்திகைக்குப் படியேறி அதைத் தூக்கிய நாலு பேரும் ஏகாம்பரத்தின் பரம்பரையையே திட்டினார்கள். ஆனால் திருவிழா முடியும்வரை மைக் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மேற்பார்வையாளர் எனக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தனுப்பினார்.

பிறகு முப்பது வருஷம் எத்தனையோ விற்பனையாளர்களைப் பார்த்துவிட்டேன். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். சரக்கை நாம் தப்பாகத் தொடும்போது விற்பவனுக்குப் பதறுகிறதா என்று பாருங்கள். பதறினால் உட்காரவைத்து விலை பேசலாம்.