உப்பு பார்க்கிறவர்

சமையல் புத்தகம் போட்டு தர்மம் செய்யலாம் என்று முதலில் யோசித்த புண்ணியவதி யாரோ, அவளை ஒரு நாள் என் தையல் மிஷின் முன்னால் உட்கார வைக்க வேண்டும். பகல் முழுக்க கார்மென்ட்ஸில் காலர் தைத்துவிட்டு நீலசந்திராவில் வீடு வந்து சேர்ந்தால், ஊரார் வீட்டுக் குருமாவையெல்லாம் போனில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. அதில் வெஜிடபிள் புலாவ் மட்டும் ஏழு. பெயர்தான் வேறு வேறு, எல்லாம் ஒரே புலாவ்.

புத்தகம் விற்கிற காசு பக்கத்துத் தெருவில் இருக்கும் புற்றுநோயாளிகள் இல்லத்துக்கு. அதனால் வாயைத் திறந்து முடியாது என்று சொல்லவும் முடியவில்லை.

புத்தகம் போடுகிற மாதா கோயில் பெண்கள் குழுவுக்குத் தலைவி ஹெலன் அக்கா. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற ரகம். ஒரு நாள் என் வீட்டுப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எல்லாரும் குடுத்துட்டாங்க. கீழ் வீட்டு மேரி ஒண்ணுதான் பிகு பண்ணுது. அவளோட போட்டி வறுவல் இல்லாம என்ன புக்கு? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு. ஞாயித்துக்கிழமைக்குள்ள செஞ்சு போட்டோவும் எடுத்துடு தமயந்தி."

எனக்குச் சுருக்கென்றது. லூர்துமேரி அக்காவா பிகு பண்ணுகிறாள்? ஆட்டுக் குடலைச் சுண்ணாம்பு போட்டு உரசி, வெந்நீரில் அலசி அலசி அவள் வறுக்கிற போட்டி, திருவிழா ஸ்டாலில் வைத்த வேகத்தில் காலியாகும். அதெல்லாம் ஒரு காலம். இப்போது தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் தாஸ் மாமா கட்டிலோடு கிடக்கிறார். உணவுக்குழாயில் புற்று. ஒரு வருஷமாக வாய் வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. மூக்கில் மாட்டிய குழாயில் வடிகட்டின ராகிக் கஞ்சிதான் ஆகாரம்.

அன்றிலிருந்து அக்கா தன் வீட்டு அடுப்பில் கஞ்சியைத் தவிர எதையும் ஏற்றவில்லை. தாளிக்கிற வாசனை வந்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார் என்பாள். வேலை விட்டு வந்ததும் மாடியேறி, என் சமையலறையில் நின்றபடியே நாலு வாய் மோர்சோறு போட்டுக்கொண்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு இறங்குவாள். உட்காருக்கா என்றால் உட்காரமாட்டாள். மாமா கேட்டால் ஆபீசிலேயே சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாளாம். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருக்கும்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உப்பு எவ்ளோன்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள்.

"ஏன்க்கா, இத்தனை வருஷமா வறுக்கிறவ நீ!"

"வறுக்கிறதுதான் நான். உப்பு பாக்குறது அவரு. ஒரு துண்டு வாயில போட்டு, இன்னும் கொஞ்சம்னுவாரு, இல்ல போதும்னுவாரு. நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

"அப்ப முடியாதுன்னு சொல்லிடறேன். ஹெலன் அக்கா என்ன, தலையையா வாங்கிடும்?"

"எப்டிடி? குழாய் மாத்த வர்ற நர்சம்மா அந்த இல்லத்துலேருந்துதான வருது? ஒரு பைசா வாங்கினதில்ல."

கடைசியில் என் வீட்டில் வைத்துச் செய்வதென்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தினோம். குக்கரில் வெந்த போட்டியை அக்கா வாணலியில் கொட்டி, மிளகும் சோம்பும் தூவிக் கிளறினாள். புழுக்கத்தில் இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. உப்பை மட்டும் பயந்து பயந்து போட்டாள். வாசனைக்குப் பூட்டா போட முடியும்? போட்டோவுக்காக ஒரு தட்டில் எடுத்து வைத்துக் கொத்தமல்லி தூவும்போதே அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மாமாதான்.

"என் வூட்டு போட்டிய எதுக்குடி மாடியில வறுக்கிறே?" குரல் கரகரத்தது. "கீழ எடுத்துக்கினு வா."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் இறங்கினாள். தட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

"ஆசை வந்துடுமேன்னுதான்..." என்று கட்டிலருகே போய் ஆரம்பித்தாள் அக்கா.

"வந்தா வந்துட்டுப் போவுது! ஒரு வருஷமா இந்த வூட்டுல மருந்து வாசனைய வுட்டா இன்னா இருக்குது? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

கையை நீட்டினார். நான் தட்டைப் பின்னுக்கு இழுத்தேன். "ஐயோ, முழுங்கக் கூடாது மாமா!"

"தெரியும்மா. அந்தக் கிண்ணத்த எடு."

ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். போட்டி அல்லவா, சீக்கிரம் கரையாது. மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு ஒரு துணுக்கு விடாமல் கிண்ணத்தில் துப்பி, வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"உப்பு கம்மி. இன்னும் கால் ஸ்பூன்."

நான் போனில் அடித்துக்கொண்டேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

"நீ எங்க சாப்புடறே?"

"ஆபீசுல."

"ஞாயித்துக்கிழமையுமா?"

அக்கா கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சோறு போட்டுக்கினு வந்து என் எதிர்ல குந்து."

என் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் வாய்க்கே கண்ணீர் கொட்டியது.

"அழுவாம துன்னு. அவசரமில்ல, மெதுவா மெல்லு" என்றார்.

அக்கா மெதுவாகத்தான் மென்றாள். அவள் விழுங்கும்போதெல்லாம் மாமாவின் தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கியது.