பன்னிரண்டாவது ஆள்

வெர்னா ஹாஸ்கலுக்கு டுவேன் ப்ரிட்ஸைக் கண்டாலே வயிறு எரியும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, டுவேனிடம் மட்டும்தான் மறைத்தாள்.

இருவரும் பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரே மாதத்தில் அந்தச் சமுதாயக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தாள், அவன் வெல்டிங். மூன்றே வருடத்தில் அவன் நிரந்தரமாகிவிட்டான். அவளுக்கோ இன்றுவரை ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கடிதம் வர வேண்டும். வகுப்பு இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் இரண்டு வகுப்பு எடுத்தாள். மதியச் சாப்பாடு காரில்தான், ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் அவித்த முட்டை.

இத்தனைக்கும் அவளும் அதே கல்லூரியில் படித்தவள்தான். இருபத்தெட்டு வயதுவரை கோழி வெட்டும் ஆலையில் நின்றுவிட்டு, விரலெல்லாம் மரத்துப்போய் அங்கே வந்து சேர்ந்தாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் அந்த இடத்தின் மேல் அவளுக்கு ஒரு பாத்தியதை இருந்தது. பாத்தியதை இருக்கிற இடத்தில்தான் பொறாமையும் நன்றாகக் கொழுக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் மாநில பட்ஜெட்டில் ஒரு வாசகம் மாறியது. கல்லூரிகளுக்குப் பணம் இனி எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்து வராது, எத்தனை பேர் சான்றிதழ் வாங்கி வெளியேறினார்கள் என்று பார்த்து வரும். அதிலும் கைத்தொழில் படிப்புக்குக் கூடுதலாக. கல்லூரி நிர்வாகம் உடனே கணக்குப் போட்டது. வெல்டிங் பிள்ளைகள் சீக்கிரம் முடிக்கட்டும் என்று அவர்களுக்கு இருந்த கட்டுரைப் பாடத்தைத் தூக்கிவிட்டது. வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள் வெர்னாவின் வகுப்பிலிருந்து ஒரே நாளில் காணாமல் போனார்கள்.

டுவேனுக்குப் புதுக் கூடம் கட்டினார்கள். பிள்ளைகள் நின்று வெல்டிங் பழகும் ஒவ்வொரு தடுப்புக்கும் தனித்தனியாகப் புகை உறிஞ்சும் குழாய். வெர்னாவின் வகுப்பறையிலோ கூரை ஒழுகும் இடத்தில் வாளி. திறப்பு விழாவன்று டுவேன் மூன்று நிமிடம் பேசினான், சட்டமன்ற உறுப்பினர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது யார்? வெர்னாதான்! அவன் கேட்டான், அவளும் எழுதித் தொலைத்தாள். விழாப் படத்தைக் கழிவறைக்குப் போகும் வழியில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். தினம் நான்கு தடவை அவன் பல்லைப் பார்க்க வேண்டியதாயிற்று.

பட்ஜெட்டோடு கூடவே கல்லூரியில் இன்னொரு விதியும் வந்தது. பருவம் தொடங்கிய பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் தலை எண்ணுவார்கள். பன்னிரண்டு பேர் இல்லாத வகுப்பு ரத்து.

இந்த ஜனவரியில் அவளுடைய இரண்டாம் நிலைக் கட்டுரை வகுப்பில் பதினோரு பேர். அதில் ஒருத்தி மார்லிஸ் ஓகன். நாற்பத்தொரு வயது, இறைச்சி ஆலையில் காலை ஷிப்ட். அவளுக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி. முடித்தால் மே மாதம் பட்டயம், இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பு. இடம்கூடக் கிடைத்துவிட்டது. வேறு யாரும் அந்த வகுப்பு எடுக்கவில்லை, எடுக்க ஆள் வைக்கப் பணமும் இல்லை.

பத்தாம் நாள் நாலேகால் மணிக்கு, பூட்ஸில் பனியோடு டுவேன் வந்து நின்றான். கையில் ஒரு படிவம்.

"இந்தா, கையெழுத்துப் போடு. உன் க்ளாஸ்ல சேரப் போறேன். இனிமே உன்னை டீச்சர்னுதான் கூப்பிடணும்."

"என்ன, விளையாடறியா?"

"பதினொண்ணுலயே நிக்குதுன்னு ஆபீஸ்ல ஜோலீன் சொன்னா. நான் பன்னெண்டு. எனக்கும் நாலு வரி உருப்படியா எழுத வந்தா நல்லதுதானே?"

முதல் வாரம் கழிந்து சேருகிறவர்களுக்கு ஆசிரியர் கையெழுத்து வேண்டும். வெர்னா போட்டாள். போடும்போதே நெஞ்சில் ஏதோ இறங்கியது, பின்னாலேயே ஏதோ ஏறியது. கட்டடம் அவனுக்கு, கைதட்டல் அவனுக்கு. கடைசியில் என் வகுப்பையும் இவன் கையால்தான் வாங்க வேண்டுமா?

பதிவு ஜன்னலில் ஜோலீன் படிவத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "டுவேன், இது ஸ்டாஃபுக்கான இலவசப் படிவம். ஃபீஸ் கட்டாத தலையை எண்ண மாட்டாங்க. இத்தனை வருஷமா இங்க இருக்க, இதுகூடத் தெரியாதா?"

"அவ்வளவுதானே? கட்டிட்டாப் போச்சு." அவன் பர்ஸை எடுத்தான். அவனுக்கு எப்போதுமே குரல் பெரிது. "நம்ம வெர்னாவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா!"

வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் திரும்பி வெர்னாவைப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்கிற பார்வை. ஜோலீன் புதுப் படிவம் ஒன்றை நீட்டி, "இதுலயும் ஒரு கையெழுத்து, டீச்சர்" என்றாள்.

வெர்னாவின் காது மடல் சுட்டது. பேனாவை மூடினாள்.

"வேணாம். எனக்காக யாரும் காசு போட வேணாம்."

"ஏய், என்ன இது? உனக்குன்னா நினைச்சுக்கற? நான் படிக்கத்தான்..."

"நீ படிச்சுக் கிழிச்சது போதும், டுவேன். என் க்ளாஸ் ஒண்ணும் பிச்சைத் தட்டு இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர். நாலே முக்கால் ஆச்சு" என்றாள் ஜோலீன்.

"யோசிச்சாச்சு."

டுவேன் பர்ஸை உள்ளே வைத்தான். அவன் முகம் சுருங்கியதைக் கண்குளிரப் பார்த்தாள் வெர்னா. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் கேட்ட ஒன்று அவனுக்கு அவளிடமிருந்து கிடைக்காமல் போனது. காப்பி வாங்கிக் குடித்தாள், இனித்தது. ஒரு மணி நேரம் அவள் மகாராணியாக இருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தை அவளிடமிருந்து பிடுங்க எனக்கும் மனமில்லை.

ஆறு மணிக்குப் பதினோரு பேரும் வந்தார்கள். வகுப்பு ரத்து என்று சொன்னாள். நாற்காலிகள் இழுபட்டன, ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டினார்கள். மார்லிஸ் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அவள் நோட்டில் புதுப் பக்கத்தில் தேதி போட்டு, கோடு கிழித்து வைத்திருந்தாள்.

"எத்தனை பேர் குறைஞ்சுது டீச்சர்?"

"ஒருத்தர்."

"ஒரே ஒருத்தரா? சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரனையே இழுத்துட்டு வந்திருப்பேனே! எழுதத் தெரியாது, ஆனா சும்மா உக்காந்திருப்பான்." சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பல்கலைக்கழகத்துல அடுத்த வருஷம்வரை எனக்காக சீட்டைப் பிடிச்சு வைக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க."

மார்லிஸ் எழுந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். ஆலையின் சோப்பு வாசனை. வெர்னா ஒரு காலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோன அதே வாசனை.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல டீச்சர். உங்க பொழப்புலயும்தானே மண்ணைப் போட்டாங்க. நீங்க முடிஞ்சதெல்லாம் செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

வெர்னா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"எல்லாம் அந்த பட்ஜெட்டால வந்தது, மார்லிஸ்" என்றாள்.