கவிழ்க்காத துரும்பு

முந்நூற்று நாலு என்ற எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்தில் துரும்புச் சீட்டை, மற்றச் சீட்டுகளை வெட்டும் சீட்டை, மேசையில் கவிழ்த்து வைப்பார்கள். கையில் இருக்கும் பலம் மற்றவனுக்குத் தெரியக்கூடாதாம். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவில் யாருடைய பிறந்தநாள் விழா என்றாலும் மண்டபத்து மூலையில் நாலு ஆண்கள் இப்படிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருப்பார்கள். தேத்தண்ணீர் கொண்டுபோகும் சாட்டில் நின்று பார்த்துத்தான் நான் சீட்டுப் பழகினேன். பொம்பிளைப் பிள்ளை எனக்கு ஒருவராவது கதிரை இழுத்துப் போடவில்லை. நான் டெனிஷ்காரரின் போக்கர் கிளப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

என் அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அவர் ஆடினால் விளையாட்டு, நான் ஆடினால் சூது. ஆனாலும் புத்தி சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“நல்ல சீட்டு வந்தா அமசடக்கா இரு. துரும்பைக் காட்டாதை.”

கேட்டேன். கிளப் போட்டி ஒன்றில் இரண்டு ஏஸ் வந்தபோது, பந்தயத்தை ஏற்றிக் கட்டாமல் பூனைபோல இருந்தேன். மலிவாய் இருக்கிறதே என்று நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஒன்றுக்கும் உதவாத சீட்டு வைத்திருந்த ஒருவர், எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரிந்த சீட்டுகளின் தயவில் என்னை வெளியே அனுப்பினார். அடுத்த போட்டியிலும் இதே கதை.

“இந்த முறை எஸ்பியர்க் போட்டியிலை கடைசி மேசைக்குப் போகாட்டி, இதை விட்டிடவேணும்,” என்றார் அண்ணை. தோற்ற எரிச்சலில் நானும் ஓம் என்றுவிட்டேன்.

வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து இதையே யோசித்தேன். எதிரே ஒருவர்தான், அவரும் அவசரக்காரர், மேசையில் அவருக்கு உதவக்கூடிய சீட்டு ஒன்றும் இல்லை என்றால் பதுங்கலாம். இரண்டு மூன்று பேர் நின்று, மேசைச் சீட்டும் அவர்களுக்கு ஆசை காட்டுகிறது என்றால் பெரிதாகக் கட்டி அடிக்க வேண்டும். அங்கே பதுங்குவது கெட்டித்தனம் இல்லை, பயம்.

எஸ்பியர்க்குக்கு அண்ணைதான் காரில் கூட்டிப்போனார். என் தோளுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு முன்பே தாடிக்காரர் ஒருவர் என்னிடம் தனியாக மாட்டினார். மேசையில் அவருக்கு உதவ ஒன்றுமில்லை. நல்ல சீட்டோடு பதுங்கி இருந்தேன். அவரே கட்டிக் கட்டித் தன் பந்தயக் காய்களில் பாதியை எனக்குத் தந்தார். அண்ணைக்கு முகமெல்லாம் பல்.

கடைசி மேசைக்கு ஆள் குறைய இன்னும் இரண்டு பேர் வெளியேற வேண்டும். அப்போது எனக்கு இரண்டு ராசா வந்தது. மேசையில் மூன்றாவது ராசா விழுந்தது, கூடவே இரண்டு ஹார்ட்ஸ். எதிரே இருவர் நின்றார்கள், அதில் ஒருவர் அதே தாடிக்காரர், இதற்குள் என்னைவிடக் கூடக் காய் சேர்த்திருந்தார். பின்னாலிருந்து அண்ணை இருமினார். கவிழ்த்து வை என்று அர்த்தம்.

என் காய்கள் எல்லாவற்றையும் முன்னே தள்ளினேன்.

ஒருவர் சீட்டை எறிந்தார். தாடிக்காரர் யோசித்து யோசித்துக் கடைசியில் வந்தார். அவரிடம் இரண்டு ஹார்ட்ஸ். கடைசிச் சீட்டும் ஹார்ட்ஸ்; ஐந்து ஹார்ட்ஸ் சேர்ந்தால் மூன்று ராசாவை வெல்லும். நான் வெளியே.

“இருமினது கேக்கேல்லையோ?” என்றார் அண்ணை, வாசலுக்குப் போகும் வழியில். “மூடி வைச்சிருக்கலாம்.”

“மூடி வைச்சிருந்தாலும் அந்த ஹார்ட்ஸ் வந்திருக்கும். அதை அந்தாளுக்குச் சும்மா குடுத்திருப்பன், அவ்வளவுதான்.”

“என்னவோ, தோத்துப்போனாய்.”

“சரியா ஆடித் தோத்தனான்.”

“விடுறன் எண்டு சொன்னனி.”

“ஓம், சொன்னனான்.”

எனக்கு வெட்கம் துளியும் இல்லை. அத்தனை வருடம் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற கால்கள் நேரே பதிவு மேசைக்குப் போயின. அடுத்த மாதப் போட்டிக்கு என் பெயரை எழுதுங்கள் என்று டெனிஷில் சொன்னேன், அண்ணைக்கும் கேட்கட்டும் என்று உரத்து.

அவர் கார்த் திறப்பை விரலில் சுழற்றினார்.

“அப்ப ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு வாறது?”

“ரயில் ஓடுது, அண்ணை.”