செயபெலோ கேட்ட கேள்விகள்

தாமகாவில் செயபெலோவின் தொப்பியைத் தெரியாதவர்கள் கிடையாது. குரலைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எதிரே வருகிறவரை நின்று நலம் விசாரிக்காமல் போனால் மாட்டைவிடக் கேவலமாகப் பார்க்கிற ஊர் இது. இந்த மனிதர் என்னடாவென்றால், தொப்பியை இரண்டு அங்குலம் தூக்குவார், இறக்குவார், நடையைக் கட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக ஊர் ஆழ்குழாய்க் கிணற்றில் டீசல் எஞ்சின் ஓட்டுகிறவர். அந்த எஞ்சின் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கேயே இருந்து இருந்து பேச்சு மறந்துவிட்டது போலும் என்று ஊரும் விட்டுவிட்டது. வீட்டில் மனைவி கொராட்டா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். ஜனவரி மாதம் தங்கை மகள் போய்கான்யோ வந்து நின்றாள். மொச்சூடியில் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏப்ரலில் அவன் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். பெண் வீட்டுக்காகத் தாய்மாமன்தான் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. அவள் அம்மாவுக்கு இருப்பதோ ஒரே ஓர் அண்ணன்.

அந்த அண்ணனை விட்டால் ஒன்றுவிட்ட மாமன் டிக்காங் இருக்கிறான். அவனுக்கு வாய் காது வரைக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்காக உட்கார்ந்தவன், சொந்தக் குலப்பெருமையை இரண்டு மணி நேரம் அளந்தான். அதோடு நிறுத்தினானா? மாப்பிள்ளை வீட்டு மாடுகள் ஆட்டுக்கு அண்ணன் மாதிரி இருப்பதாகச் சொல்லி வைத்தான். வந்தவர்கள் எழுந்து போனவர்கள்தான். அந்தப் பெண் இன்னும் அப்பன் வீட்டில்தான் இருக்கிறாள், பாவம்.

"மாமா, டிக்காங் மாமா பேசினா என் கல்யாணம் நடந்த மாதிரிதான். நீங்க நாலு வார்த்தை பேசுங்க, போதும்" என்றாள் போய்கான்யோ.

செயபெலோ தொப்பியைத் தூக்கினார். சரி என்கிறாரா, ஆளை விடு என்கிறாரா என்று தெரியாமல் அவள் விழிக்க, "சரின்னுதான் அர்த்தம், போ" என்று கொராட்டா அனுப்பி வைத்தாள்.

சரி என்றாகிவிட்டது, செய்வது எப்படி? மறுநாள் எஞ்சின் கைப்பிடியைச் சுற்றும்போது யோசித்தார். குளிரில் உறைந்த எஞ்சினை ஒரே சுற்றில் கிளப்பப் பார்த்தால் மணிக்கட்டுதான் உடையும். மெதுவாக நாலு சுற்று, அப்புறம்தான் வேகம். தன்னையும் அப்படியே கிளப்பிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்.

முதல் நாள் கடைக்கார அம்மா துசோவிடம் போனார். தொப்பியைத் தொடவில்லை. "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். அந்த அம்மா தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். அன்றைக்கு அதோடு சரி. மறுநாள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டார். அடேயப்பா! வலது முழங்கால், இடது முழங்கால், மருத்துவமனை வரிசை, மருமகள் தேய்த்துவிடாத தைலம் என்று கால் மணி நேரம் ஓடியது. செயபெலோ செலவழித்தது ஒரே ஒரு வாக்கியம், மீதி எல்லாம் அந்த அம்மாவுடையது. இது அவருக்குப் பிடித்துப் போயிற்று.

பிப்ரவரிக்குள் கடையில் ஐந்து வாக்கியம், பஸ் நிறுத்தத்தில் மூன்று என்று வளர்ந்தார். ஒரு சாயங்காலம் வீட்டில் சோளக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த கொராட்டாவிடம், இன்றைக்குப் பகல் எப்படிப் போயிற்று என்று கேட்டார். அவள் அகப்பையோடு அப்படியே நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. சொல்ல ஆரம்பித்தவள் கஞ்சி அடிப்பிடித்த பிறகுதான் நிறுத்தினாள். "கருகின கஞ்சியைத் தின்னுங்க, கேட்டதுக்குத் தண்டனை" என்றாளே தவிர, அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கொஞ்சம் வளர்ந்ததும் மனுஷனுக்குத் தலைக்கனம் வருமே, வந்தது. மார்ச்சில் ஊர்ச்சபையில் தண்ணீர் விஷயம் பேச எழுந்துவிட்டார். தலைவருக்கு வணக்கம், தலைவரின் சித்தப்பாமார்களுக்கு வணக்கம், பெரியவர்களுக்கு, தாய்மார்களுக்கு, வெளியூர்க்காரர்களுக்கு. எல்லாருக்கும் சொல்லி முடித்துப் பார்த்தால், எதற்கு எழுந்தோம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. பேந்தப் பேந்த விழித்துவிட்டு உட்கார்ந்தார். "வணக்கத்துக்கு ரொம்ப நன்றி" என்றார் தலைவர். சபையே குலுங்கியது. டிக்காங் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கல்யாணப் பேச்சைத் தானே பார்த்துக்கொள்வதாக அங்கேயே ஊருக்குச் சொல்லிவிட்டான்.

மூன்று நாள் தொப்பி மறுபடி வேலை செய்தது. நாலாம் நாள், டிக்காங் மாமா புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிப் போய்கான்யோ அழுதாள். செயபெலோ எழுந்து நேராகக் கடைக்குப் போனார். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார்.

ஏப்ரலும் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் மொச்சூடிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் சால்வை போர்த்தித் தரையில் ஒரு பக்கமும், ஆண்கள் கோட்டுப் போட்டு நாற்காலியில் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். தொப்பி கூடாது. செயபெலோ வெறுந்தலையோடு, மனப்பாடம் செய்த பன்னிரண்டு வாக்கியங்களோடு முன்னால் உட்கார்ந்தார். பின்னாலேயே புதுக் கோட்டில் டிக்காங். செயபெலோ திக்கினால் அடுத்த நொடி அவன் முன்னால் வந்துவிடுவான்.

முதலில் பேச வேண்டியது வந்தவர்கள்தான். தண்ணீர் மொள்ள ஒரு சுரைக்குடுவை கேட்டு வந்திருக்கிறோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். பெண் கேட்கிற பேச்சு அதுதான். அதைச் சொல்லாதவரை பேச்சு தொடங்காது, நாம் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அவர்கள் தரப்பில் பேச வந்தவர் கெசெபோன்யே என்ற ஒல்லி மனிதர், இரவல் கோட்டில் வந்திருந்தார். மொச்சூடியிலிருந்து வருகிறோம் என்றார். அவ்வளவுதான். உதட்டை நனைத்துக்கொண்டார். கையைப் பிசைந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நாம இவர் மூஞ்சியைப் பாக்கவா கோழி கூவுறதுக்கு முன்னாடி எழுந்தோம்?" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் டிக்காங். முணுமுணுப்பா அது, முற்றம் முழுக்கக் கேட்டது. வந்தவர்களில் ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

செயபெலோவுக்கு அந்த வேர்வையைத் தெரியும். மார்ச்சில் ஊர்ச்சபையில் அது அவர் நெற்றியில் இருந்தது. பன்னிரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட்டு, கடைக்கார அம்மாவிடம் கேட்கிற மாதிரி கேட்டார்: "உங்க பக்கம் மழை உண்டா ஐயா?"

"கொஞ்சம்."

"வர்ற வழியில சிரமம் ஏதும் இல்லையே?"

"டயர் வெடிச்சிடுச்சு."

"அட, இருட்டுலயா? யார் மாத்தினாங்க?"

"நான்தான்." கெசெபோன்யே நிமிர்ந்தார். திருகு துருப்பிடித்திருந்ததைச் சொன்னார். கழற்ற முடியாமல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்ததைச் சொன்னார். எஞ்சின்காரருக்குத் துருவைப் பற்றிக் கேட்கச் சொல்லித்தரவா வேண்டும்? எந்தப் பக்கம் மிதித்தீர்கள், எண்ணெய் விட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருந்தார். டயர் மாட்டியாயிற்று, வண்டி கிளம்பியாயிற்று, தாமகாவும் வந்தாயிற்று. அதே வேகத்தில் மூச்சு வாங்காமல் கெசெபோன்யே சொன்னார்: "வந்துட்டோம் ஐயா. தண்ணி மொள்ள ஒரு சுரைக்குடுவை கேட்டு வந்திருக்கோம்."

பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழும்பப் பார்த்து அடங்கியது.

"கேட்டுக்கிட்டோம். பொண்ணைக் கேட்டுச் சொல்றோம்" என்றார் செயபெலோ. எப்போதும் சொல்கிற பதில் அது. யாரும் பெண்ணைப் போய்க் கேட்பதில்லை.

டிக்காங்குக்குப் பொறுக்கவில்லை. தாய்மாமன் பேசுவான் என்று பார்த்தால் டயர் கதை கேட்டுக்கொண்டிருந்தான் என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனான். கேட்க ஆளில்லை. வந்தவர்கள் கஞ்சியும் இடித்த மாட்டுக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கெசெபோன்யே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு போய்கான்யோ ஓடி வந்தாள். "என்ன மாமா பேசினீங்க?"

"நான் எங்கே பேசினேன்? டயரை யார் மாத்தினாங்கன்னு கேட்டேன்" என்றார். பழக்க தோஷத்தில் கை தலைக்குப் போயிற்று. தொப்பி எஞ்சின் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை இறக்கி, பக்கத்து நாற்காலியைத் துடைத்து அவள் முன்னால் போட்டார்.

"பொண்ணைக் கேட்டுச் சொல்றோம்னு வாக்குக் கொடுத்திருக்கேன். உக்காரும்மா. அந்தப் பையனை உனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா?"

இத்தனை ஏற்பாட்டிலும் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. போய்கான்யோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு ஊருக்குத் தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது.